விருந்து நாளும் வேலை நாளும்

(நகர நிருவாகம் பயிலும் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. வீட்டிற்கு விருந்தினர் வரும் செய்தி கிடைத்தவுடன் கூடம் ஒழிக்கப்படுகிறது. அண்டை வீட்டிலிருந்து பாயும் பாத்திரமும் இரவல் வருகின்றன. வீட்டார் தம் உறக்கத்தையும் உணவு நேரத்தையும் சுருக்கிக் கொள்கின்றனர். மூன்றாம் நாள் விருந்தினர் விடைபெற்றதும் இரவல் பொருள்கள் திரும்பச் செல்கின்றன. வீடு பழைய நிலைக்கு மீள்கிறது. ஒரு மாநகரம் பெரும் சமய விருந்தினரை வரவேற்கும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. புதிய பாதையோ புதிய பாலமோ அந்த மூன்று நாட்களுக்காக எழுவதில்லை. அன்றாடப் போக்குவரத்திலிருந்து ஒரு பகுதியே விருந்தினருக்காக இரவல் பெறப்படுகிறது.

1964 டிசம்பர் 2ஆம் நாள், புதன்கிழமையன்று, போப்பாண்டவர் ஆறாம் பவுல் பம்பாய் நகரில் வந்திறங்கினார். டிசம்பர் 5ஆம் நாள், சனிக்கிழமையன்று, விடைபெற்றார். பழமொழி கூறும் அதே மூன்று நாள் விருந்து. அந்த வருகையும், 1986ஆம் ஆண்டில் மற்றொரு போப்பாண்டவர் மேற்கொண்ட வருகையும், நாள்தோறும் அந்நகரின் மின்ரயில்களில் பயணம் செய்யும் மக்கள் திரளும் ஒன்றாக வைத்து ஆராயத்தக்கவை. விருந்து நாட்களைத் திறம்படச் சமாளிக்கும் நகரம் வேலை நாட்களில் தன் மக்களைக் காப்பாற்றத் தவறுவது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

நகரின் கழுத்து

பம்பாயின் கூட்டப் பிரச்சினையை அறிய முதலில் அதன் நில அமைப்பை அறிதல் வேண்டும். பழைய நகரம் கடலுக்குள் தெற்கு நோக்கி நீண்டு குறுகிச் செல்லும் நிலப்பகுதி. அரசு அலுவலகங்களும் வணிக நிறுவனங்களும் நெடுங்காலம் தென்முனையில் குவிந்திருந்தன. மக்களின் குடியிருப்பு வடக்கு நோக்கிப் பெருகியது. இதனால் காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் மக்கள் வெள்ளம் பாய்வது அந்நகரின் இயல்பாயிற்று.

தீவாக இருந்த பழைய நகரையும் வடக்கேயுள்ள சால்செட் பகுதியையும் இணைக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு பாதைகள் அமைந்தன. ஒன்று அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான சயான் பாதை. மற்றொன்று, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் குடும்பத்தைச் சேர்ந்த ஆவாபாய் அம்மையாரின் கொடையால் 1840-களில் எழுந்த மாஹிம் பாதை. இந்த இரு வாயில்களுக்கும் இடைப்பட்ட சதுப்பு நிலத்தின் மீதுதான் தாராவி வளர்ந்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழரும், சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவரும், பின்னர் வந்த எண்ணற்ற பிற தொழிலாளரும் அங்கே குடியேறினர். நகரின் எல்லையில் ஒதுக்குப்புறமாக இருந்த அவ்விடம், நகரம் வடக்கே விரிந்தபோது அதன் நடுப்பகுதியாயிற்று. இன்று தாராவியின் மேற்கே மேற்கு ரயில்வேயின் மாஹிம் நிலையம், கிழக்கே மத்திய ரயில்வேயின் சயான் நிலையம், தெற்கே மாட்டுங்கா. நகரின் கழுத்து இதுவே.

மாட்டுங்கா, எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்த தென்னிந்தியரின் குடியிருப்பாக மலர்ந்தது. அதன் கிழக்கே, துறைமுக ரயில் பாதையில் அமைந்த செம்பூர், நாடு விடுதலை பெற்றபின் விரைவாக வளர்ந்தது. அதை அடுத்த டிராம்பேயில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டு இயங்கத் தொடங்கின. இரவும் பகலும் மூன்று முறைகளாக ஆட்கள் மாறும் ஆலைகள் அவை. நகரில் எந்தப் பெரியவர் வருகை தந்தாலும் அத்தகைய ஆலைகளை நிறுத்த இயலாது. மருத்துவமனையும் பால் விநியோகமும் குடிநீர்ப் பணியும் அவ்வாறே. ஆகவே சாலையில் விருந்தினரைக் காண நிற்கும் கூட்டத்தோடு, அந்தக் கூட்டத்தைக் கடந்து வேலைக்குச் சென்றாக வேண்டிய கூட்டமும் எப்போதும் உண்டு. கூட்ட ஏற்பாடு என்ற சொல் இவ்விரண்டையும் உள்ளடக்க வேண்டும்.

1964: முனையில் கூடிய கூட்டம்

முப்பத்தெட்டாவது அகில உலக நற்கருணை மாநாடு 1964 நவம்பர் 28 முதல் டிசம்பர் 6 வரை பம்பாயில் நடைபெற்றது. அதில் பங்கு கொள்ளவே ஆறாம் பவுல் வந்தார். பதவியிலிருக்கும் போப்பாண்டவர் ஒருவர் இந்திய மண்ணை மிதித்தது அதுவே முதல் முறை. அப்போது லால் பகதூர் சாஸ்திரி இந்தியப் பிரதமர். வசந்தராவ் நாயக் மகாராட்டிர முதலமைச்சர். வலேரியன் கார்டினல் கிராசியஸ் பம்பாய்ப் பேராயர். சாந்தாகுரூஸ் விமான நிலையத்திலிருந்து நகரின் தென்பகுதி வரை, 20 கிலோமீட்டர் நீளச் சாலையின் இரு மருங்கிலும் பல சமயத்தையும் சேர்ந்த மக்கள் லட்சக்கணக்கில் திரண்டனர். கத்தோலிக்கர் சிறுபான்மையினராக உள்ள நகரில் இத்துணைப் பெருந்திரள் கூடியமை அந்நாளில் உலகோரின் கவனத்தை ஈர்த்தது.

நகரின் மக்கள் தொகை 1961 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 41.5 லட்சம். போக்குவரத்து வசதியில் ஒரு முக்கிய மாறுதல் அதே ஆண்டில்தான் நிகழ்ந்திருந்தது. தொண்ணூறு ஆண்டுக் காலம் ஓடிய டிராம் வண்டிகள் 1964 மார்ச் 31 இரவோடு விடைபெற்றன. மெதுவாகச் சென்றாலும் குறைந்த கட்டணத்தில் பெருங்கூட்டத்தைச் சுமந்த ஊர்தி நீங்கிய எட்டு மாதங்களில், நகரம் அதுவரை காணாத கூட்டத்தை வரவேற்க நேர்ந்தது. சுமை முழுவதும் மின்ரயிலின் மீதும், நகராட்சியின் ‘பெஸ்ட்’ பேருந்துகளின் மீதும், மக்களின் கால்களின் மீதும் விழுந்தது.

மாநாட்டின் முதன்மை நிகழ்ச்சிகளுக்கு ஓவல் மைதானம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 3ஆம் நாள் ஆறு ஆயர்களுக்கு அங்கே திருநிலைப்பாடு அளிக்கப்பட்டது. இந்த இடத்தேர்வு, போக்குவரத்து நோக்கில் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. மேற்கு ரயில்வேயின் இறுதி நிலையமான சர்ச்கேட், ஓவல் மைதானத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் உள்ளது. மத்திய ரயில்வேயின் முனையமும், துறைமுகப் பாதை வழியே செம்பூர் மக்கள் வந்து சேரும் இடமுமான விக்டோரியா முனையமும் நடந்து செல்லக்கூடிய தொலைவிலேயே உள்ளது.

இறுதி நிலையத்திற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பயணி நடைமேடையில் இறங்கிச் சமதளத்திலேயே நடந்து வாயிலுக்கு வரலாம். படியேறிப் பாலம் கடக்க வேண்டுவதில்லை. திரும்பிச் செல்வோருக்கும் காலி வண்டி காத்து நிற்கும். இடைநிலையங்களில் போல, ஏற்கெனவே நிறைந்து வரும் வண்டியில் முண்டியடித்து ஏற வேண்டிய நிலை இல்லை. இரண்டு முனையங்கள் இரு பக்கமும் அமைந்திருக்க, நடுவே திறந்த மைதானம் அமைவது பெருங்கூட்டத்திற்கு ஒரு நற்பேறு. அலுவலர் எவ்வளவு திறமையுடன் பணியாற்றினாலும், தவறான இடத்தேர்வின் விளைவை அவரால் முற்றிலும் மாற்றிவிட முடியாது. இடம் முதலில், காவலர் பிறகு.

1986: இடுப்பில் கூடிய கூட்டம்

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1986 பிப்ரவரியில், போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் இந்தியாவின் பல நகரங்களுக்குச் சென்றார். சென்னையில் பிப்ரவரி 5ஆம் நாள் ராஜாஜி மண்டபத்தில் பல்சமயத் தலைவர்களைச் சந்தித்தார். பயணத்தின் இறுதியில் பம்பாய் வந்து, பிப்ரவரி 9ஆம் நாள் தாதரை அடுத்த சிவாஜி பூங்காவில் திருப்பலி நிறைவேற்றினார். அந்நாள் ஞாயிற்றுக்கிழமை.

1964இல் கூட்டம் நகரின் முனையில் கூடியது. 1986இல் நகரின் இடுப்பில் கூடியது. சிவாஜி பூங்காவிற்கு அருகே முனையம் இல்லை. ஆனால் அதற்கு ஈடான வேறொரு வசதி உண்டு. தாதர், மாட்டுங்கா ரோடு, மாஹிம் என மேற்கு ரயில்வேயின் மூன்று நிலையங்களுக்கு அங்கிருந்து நடந்து செல்லலாம். தாதரில் மத்திய ரயில்வேயும் உடன் ஓடுகிறது. தாராவி மக்களுக்கும் மாட்டுங்கா மக்களுக்கும் ஊர்தியே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையாதலால் அலுவலகம் செல்வோரின் கூட்டமும் இல்லை. முனையின் வசதியை இழந்த இடத்தில், நாளும் நிலையங்களின் எண்ணிக்கையும் கை கொடுக்கும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். சிவாஜி பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 28 ஏக்கர், அதாவது 1.13 லட்சம் சதுர மீட்டர். மேடைக்கும் வழிகளுக்கும் முதலுதவி இடங்களுக்கும் பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியில் சதுர மீட்டருக்கு இருவர் வீதம் அமர வைத்தால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் கொள்வர். ஒவ்வொரு வண்டியிலும் கூடுதலாக ஆயிரம் பேருக்கு இடம் உண்டு எனக் கொண்டால், இவர்களைக் கொண்டு செல்ல நூறு வண்டிகள் தேவை. இரு ரயில்வேக்களிலும் இரு திசையிலும் நான்கு நிமிடத்திற்கு ஒரு வண்டி ஓடினால் மணிக்கு அறுபது வண்டிகள். ஆக, கூட்டம் முழுமையும் கலைய இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகும். இக்கணக்கு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு: அனைவரையும் ஒரே நேரத்தில் எழச் செய்யாமல், பகுதி பகுதியாக இரண்டு மணி நேரம் பொறுமையுடன் அனுப்புவதே திறமை. கூட்டம் வருவது நாள் முழுவதும் பரவி நிகழ்கிறது; கலைவதோ ஒரே கணத்தில் தொடங்குகிறது. ஆபத்து பெரும்பாலும் வருகையில் இல்லை, திரும்புகையில் உள்ளது.

இந்தப் பாடத்தை அந்நகரம் வாரந்தோறும் பயின்று வருகிறது. செவ்வாய்க்கிழமைகளில் பிரபாதேவியின் சித்திவிநாயகர் கோயில். புதன்கிழமைகளில் மாஹிமின் புனித மிக்கேல் ஆலயம். மாஹிமில் 1948 முதல் நடைபெறும் புதன்கிழமை நவநாள் வழிபாட்டிற்கு எல்லாச் சமயத்தவரும் வருகின்றனர். செப்டம்பரில் பாந்திரா மலை மாதா திருவிழாவிற்குத் தனிப் பேருந்துகள் விடப்படுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6ஆம் நாள், அண்ணல் அம்பேத்கரின் நினைவிடமான தாதர் சைத்திய பூமிக்கு விதர்ப்பத்திலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் லட்சக்கணக்கானோர் வந்து சேர்கின்றனர். நாகபுரி முதலிய ஊர்களிலிருந்து தனி ரயில்கள் ஓடுகின்றன. அவர்கள் தங்குவதற்காகச் சிவாஜி பூங்காவில் பந்தல்களும் குடிநீர்க் குழாய்களும் கழிப்பிடங்களும் மருத்துவ முகாமும் அமைக்கப்படுகின்றன. ஆகவே கூட்டத்தை நடத்தும் அறிவு நகரத்திற்கு இல்லை என்று எவரும் கூற முடியாது.

கூட்டத்தின் கணக்கு

கூட்டம் என்பது தனி மனிதர்களின் வெறும் தொகை அன்று. ஒரு சதுர மீட்டரில் நால்வர் நிற்கும் வரை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நகர முடியும். ஐவருக்கு மேல் செல்லும்போது இடர் தோன்றுகிறது. ஆறு, ஏழு என்று மிகும்போது கூட்டம் நீரைப் போல நடந்து கொள்ளத் தொடங்குகிறது. ஓரிடத்தில் தோன்றும் தள்ளல் அலையாகப் பரவுகிறது. அதனை எதிர்த்து நிற்க எவராலும் இயலாது. மக்கள் மிதிபட்டு இறப்பதைவிட, நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறப்பதே மிகுதி. இத்தகைய விபத்திற்குப் பின் மக்களின் அவசரத்தைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் நெருக்கம் ஓர் எல்லையைக் கடந்தபின் அங்கே பொறுமைக்கும் அவசரத்திற்கும் வேறுபாடில்லை.

படிக்கட்டு இதனினும் நுட்பமானது. ஒரு மீட்டர் அகலச் சமதள வழியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 பேர் செல்லலாம். அதே அகலப் படிக்கட்டில் 66 பேர் மட்டுமே செல்லலாம் என்பது விளையாட்டரங்குகளை வடிவமைப்போர் பின்பற்றும் அளவு. மூன்று மீட்டர் அகலப் படிக்கட்டு நிமிடத்திற்கு 200 பேரைத்தான் அனுப்ப வல்லது. இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து தலா 1,500 பேரை இறக்கிவிட்டால் அவர்கள் படியேறி வெளியேறப் பதினைந்து நிமிடம் ஆகும். ஆனால் அடுத்த வண்டியோ நான்கு நிமிடத்தில் வந்துவிடும். வண்டிகளை மிகுதியாக ஓட்டுவதே தீர்வு என எண்ணுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்ள வேண்டும். படிக்கட்டு விரியாதவரை, கூடுதல் வண்டி கூடுதல் நெரிசலாகவே முடியும்.

தமிழகத்தில் 1992 பிப்ரவரி 18ஆம் நாள் கும்பகோணத்தில் மகாமகக் குளக்கரையில் நேர்ந்த நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் உயிரிழந்தனர். 2004, 2016 மகாமகங்கள் அத்தகைய பேரிழப்பின்றி நிறைவேறின. அண்மையில், 2025 பிப்ரவரி 15ஆம் நாள், கும்பமேளாவிற்குச் செல்ல இருந்த பயணிகள் திரண்ட புதுடில்லி ரயில் நிலையத்தில் 18 பேர் இறந்தனர். புனித நீராடும் துறை 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது; மரணமோ நிலையத்தின் படிக்கட்டில் காத்திருந்தது. சமயப் பெருவிழா ஒன்றின் எல்லை கோயிலின் மதிலோடும் மைதானத்தின் வேலியோடும் முடிவதில்லை. யாத்திரிகர் முதலில் ஏறும் நடைமேடையிலேயே அது தொடங்கிவிடுகிறது.

வேலை நாளின் நெரிசல்

இனி வேலை நாளுக்கு வரலாம். மும்பையின் புறநகர் மின்ரயில்கள் கொரோனா பெருந்தொற்றுக்கு முன்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 லட்சம் பயணங்களைச் சுமந்தன. காலை நேரத்தில் பெட்டிக்குள் சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்கும் நிலைக்கு ரயில்வேத் துறையினர் தனிப் பெயரே வைக்க நேர்ந்தது. விழா மைதானத்தில் நால்வருக்கு மேல் கூடாது என்று வேலி கட்டும் நகரம், பெட்டிக்குள் அதன் மூன்று நான்கு மடங்கு மக்கள் நிற்பதை நாள்தோறும் இயல்பாக ஏற்றுக் கொள்கிறது. தண்டவாளத்தைக் கடக்கையிலும் வண்டியிலிருந்து விழுந்தும் பிற காரணங்களாலும் 2023, 2024 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இப்புறநகர்ப் பாதைகளில் 2,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை விழா நாளின் மரணங்கள் அல்ல. அன்றாடப் பயணத்தின் மரணங்கள்.

2017 செப்டம்பர் 29ஆம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி அளவில், மேற்கு ரயில்வேயின் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் மத்திய ரயில்வேயின் பரேல் நிலையத்தையும் இணைக்கும் குறுகிய நடைபாலத்தில் மழைக்கு ஒதுங்கி மக்கள் நின்றனர். வண்டிகளிலிருந்து இறங்கியோர் பின்னாலிருந்து படியேறி வந்த வண்ணம் இருந்தனர். நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். நூற்பாலைகள் இருந்த அப்பகுதியில் அவை மூடப்பட்டபின் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. நில உபயோகம் மாறியது; நடைபாலத்தின் அகலம் மாறவில்லை. புதிய பாலம் வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கெனவே எழுந்து, ஒப்புதலும் பெற்று, கோப்புகளில் பயணம் செய்து கொண்டிருந்தது.

விபத்திற்குப் பின் இராணுவப் பொறியாளர்களிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 2018 பிப்ரவரி 27ஆம் நாள், விபத்து நிகழ்ந்த ஐந்தே மாதங்களில், புதிய நடைபாலம் திறக்கப்பட்டது. பொருளோ பொறியியல் அறிவோ இல்லாததால் அப்பாலம் தாமதமாகவில்லை என்பதை இது ஐயமற நிறுவுகிறது. விருந்து நாளுக்கு இருக்கும் அவசரம் வேலை நாளுக்கு இல்லாமற் போனதே காரணம். பெரும் விருந்தினரின் வருகைக்கு ஒரு தேதி உண்டு. அத்தேதிக்குள் எல்லாத் துறைகளும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றன. நாள்தோறும் வரும் பயணிக்குத் தேதி இல்லை. அவர் நாளையும் வருவார் என்பதாலேயே அவர் பொருட்டுச் செய்ய வேண்டியது நாளைக்குத் தள்ளிப் போகிறது.

விருந்தினர் விடுத்த வேண்டுகோள்

1964 டிசம்பர் 4ஆம் நாள், பம்பாயில் செய்தியாளர்களிடையே, ஆறாம் பவுல் ஒரு வேண்டுகோளை விடுத்தார். ஆயுதங்களுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியையேனும் நாடுகள் ஒதுக்கி, உலகின் வறியோர்க்கென ஒரு பொது நிதியை உருவாக்க வேண்டும் என்பது அதன் சாரம். மக்களின் முன்னேற்றம் குறித்து அவர் 1967இல் வெளியிட்ட சுற்றுமடலில் பம்பாயில் விடுத்த அவ்வேண்டுகோளை நினைவுபடுத்தினார். வருகைக்கென நகரம் செய்த செலவையும் உழைப்பையும் இந்த வேண்டுகோளின் அளவுகோல் கொண்டே மதிப்பிடுவது பொருத்தமாகும்.

விமான நிலையத்திலிருந்து தெற்கே செல்வோர் மாஹிம் வாயிலைக் கடந்தாலும் சயான் வாயிலைக் கடந்தாலும் தாராவியின் ஓரத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. நகரின் கழுத்தில் இருந்தும் அதன் வசதிகளைப் பெறாத மக்கள் அங்கே வாழ்ந்தனர். 1985 டிசம்பரில், இரண்டாவது போப்பாண்டவரின் வருகைக்கு இரண்டு மாதம் முன்னதாக, பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாயின் சீரமைப்பிற்கென 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும் 2020இல் பெருந்தொற்றுப் பரவிய காலத்திலும் தாராவி மக்களுள் நூற்றுக்கு எண்பது பேர் பொதுக் கழிப்பிடங்களையே நம்பியிருந்தனர் என மாநகராட்சியே தெரிவித்தது. சிவாஜி பூங்காவில் மூன்று நாள் கூட்டத்திற்காக நூற்றுக்கணக்கில் கழிப்பிடங்களையும் குழாய்களையும் ஒரே வாரத்தில் அமைக்கும் ஆற்றல், நடந்து செல்லும் தொலைவிலுள்ள தாராவிக்குள் நிலையாகக் கால் ஊன்றவில்லை.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து திட்டமிடுவோர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில தெளிவாகின்றன.

முதலாவது, விழாவின் இடமும் நாளும் போக்குவரத்துத் துறையைக் கலந்தே முடிவு செய்யப்பட வேண்டும். எத்தனை நிலையங்கள், எத்தனை படிக்கட்டுகள், அவற்றின் அகலம் என்ன என்பவை மேடை எங்கே அமைவது என்பதற்கு முன்னரே அறியப்பட வேண்டும்.

இரண்டாவது, திரும்பிச் செல்லும் திட்டமே தலைமைத் திட்டமாக வேண்டும். எந்தப் பகுதி முதலில் எழ வேண்டும், எந்த நிலையத்திற்குச் செல்ல வேண்டும் என்பது பல மொழிகளில் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். மராத்தியும் இந்தியும் தமிழும் குஜராத்தியும் பேசும் மக்கள் ஒரே நடைமேடையில் நிற்கும் நகரில், ஒரு மொழி அறிவிப்பு பாதிக் கூட்டத்திற்கு வெறும் ஓசையே.

மூன்றாவது, விழாவிற்குச் செல்லாதோரின் வழி காக்கப்பட வேண்டும். செம்பூர் ஆலைத் தொழிலாளி, மாட்டுங்காவிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் செவிலி, தாராவியிலிருந்து மகப்பேற்றுக்கு விரையும் தாய் ஆகியோர் எந்தச் சாலையில் எந்த நேரத்தில் கடக்கலாம் என்பது காவல் திட்டத்தின் ஓர் அங்கமாக எழுதப்பட வேண்டும்.

நான்காவதும் முதன்மையானதும் இதுவே: விருந்தினர் சென்ற மறுநாள் ஒரு கூட்டம் நடைபெற வேண்டும். எங்கே நெரிசல் மிகுந்தது, எந்தப் படிக்கட்டு குறுகியது, எந்த இடத்தில் நீர் போதவில்லை என்பவை அக்கூட்டத்தில் பதிவாக வேண்டும். தற்காலிக ஏற்பாடுகளுள் எவை அவிழ்க்கப்பட வேண்டியவை, எவை நிலைநிறுத்தப்பட வேண்டியவை என்று பெயரிட்டு முடிவு செய்ய வேண்டும். பந்தலை அவிழ்க்கலாம்; குழாயை அவிழ்க்க வேண்டுவதில்லை.

அண்மை ஆண்டுகளில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்துள்ளது. 33.5 கிலோமீட்டர் நீளமும் 27 நிலையங்களும் கொண்ட மூன்றாவது மெட்ரோ பாதை 2024 அக்டோபரில் ஒரு பகுதியாகவும், 2025 அக்டோபரில் முழுமையாகவும் திறக்கப்பட்டது. சாந்தாகுரூஸ் உள்நாட்டு விமான முனையத்திலிருந்து மித்தி ஆற்றின் அடியில் புகுந்து, தாராவி, தாதர், சித்திவிநாயகர் கோயில் வழியாகச் சர்ச்கேட்டை அடைகிறது இப்பாதை. 1964இல் லட்சக்கணக்கானோர் வெயிலில் காத்து நின்ற அதே வடக்கு தெற்கு வழியை, நிலத்திற்கு அடியில் இன்று எவரும் கடக்கலாம். தாராவிக்கு ஒரு நிலையம் கிடைத்துள்ளது. ஆயினும் மெட்ரோ மட்டும் போதாது. 2010-ஐ ஒட்டி 4,000-க்கு மேற்பட்ட பேருந்துகளைக் கொண்டிருந்த ‘பெஸ்ட்’ நிறுவனத்தின் அணி 2025இல் 3,000-க்கும் கீழே இறங்கியது. குறைந்த கட்டணத்தில் குறுகிய தெருவுக்குள்ளும் செல்லும் பேருந்தைச் சார்ந்தே தாராவியின் தையற்காரரும் செம்பூரின் வீட்டு வேலைப் பெண்ணும் வாழ்கின்றனர். டிராம் நீங்கிய இடத்தைப் பேருந்து நிரப்பியது. பேருந்து நீங்கும் இடத்தை நிரப்புவது எது என்பதற்கு விடை கண்ட பின்னரே அதனைக் குறைக்க வேண்டும்.

1964 டிசம்பர் 5ஆம் நாள் விருந்தினர் விடைபெற்றார். 6ஆம் நாள் மாநாடு நிறைவுற்றது. 7ஆம் நாள், திங்கட்கிழமை காலை, மாட்டுங்காவிலும் மாஹிமிலும் செம்பூரிலும் மக்கள் வழக்கம் போல் வண்டிக்குக் காத்து நின்றனர். எந்தத் தோரணமும் அவர்களுக்காகக் கட்டப்படவில்லை. ஆனால் மூன்று நாட்களாக நகரம் கற்ற கலை முழுவதும் அந்தத் திங்கட்கிழமைப் பயணிக்கே உரியது. ஒரு நகரத்தின் விருந்தோம்பலை விருந்தினர் இருந்த நாட்களைக் கொண்டு அளப்பது எளிது. நகர நிருவாகத்தை அளக்க வேண்டிய நாள், அவர் சென்றதை அடுத்த வேலை நாள்.